பொருள் தெரிந்தும் பிழை விடுவதேன்?

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனது ஆங்கிலக் கட்டுரைக் கொப்பியைப் பிரித்துப் பாருங்கள். ‘டிஸ்கஸ்’ என்னும் வினையை அடுத்து ‘எபவுட்’ என்னும் சொல் வந்து அமர்ந்திருக்கும். ஆசிரியர் சிவப்பு மையினால் அதனை வெட்டியிருப்பார். அடுத்த வாரமும் அதே சொல். அதே சிவப்புக் கோடு. அவ்வாறு கோடு கிழித்தவர்களுள் நானும் ஒருவன்.

மாணவனை நொந்து பயனில்லை. ‘அவ்விடயத்தைப் பற்றி உரையாடினோம்’ என்பது நம் வழக்கு. அந்தப் ‘பற்றி’யை அவன் ஆங்கிலத்துக்கும் கொண்டு செல்கிறான். அகராதியைப் புரட்டினாலோ, ‘கலந்துரையாடு’ என்று பொருள் மாத்திரம் இருக்கிறது. பொருள்தான் அவனுக்கு முன்னரே தெரியுமே! தெரியாதது, அச்சொல் வாக்கியத்தில் நடந்துகொள்ளும் முறை.

இம்முறையைக் காட்டுவதற்கென்றே ஓர் அகராதி எழுந்தது. அது எழுந்த இடம் இங்கிலாந்து அன்று, யப்பான். ஏ. எஸ். ஹோர்ன்பி என்னும் ஆங்கிலேயர் 1924இல் அங்கு ஆசிரியராகச் சென்றார். ஹரல்ட் பாமர் 1923இல் தோக்கியோவில் நிறுவிய ஆங்கிலப் போதனை ஆராய்ச்சி நிலையத்தோடு பின்னர் இணைந்து உழைத்தார். வேறிரு ஆசிரியர்களுடன் அவர் தொகுத்த அகராதி 1942இல், போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, தோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் அதனை மீண்டும் பதிப்பித்தது. இன்று ஆசிரியர் பலரின் மேசையில் இருக்கும் ஒக்ஸ்போர்ட் உயர்நிலை மாணவர் அகராதிக்கு அதுவே மூதாதை.

இங்கிலாந்தில் அது ஏன் பிறக்கவில்லை? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் ‘இன்போமேஷன்’ என்பதற்குப் பன்மை விகுதி சேர்ப்பதில்லை. ஆதலால், சேர்க்கலாகாது என்று அவருக்கு எவரும் எழுதிவைக்க வேண்டியதுமில்லை. நாமோ தகவல்கள், ஆலோசனைகள், தளபாடங்கள் என்று தாராளமாகப் பன்மையில் வழங்குகிறவர்கள். ‘அட்வைஸ்’, ‘பர்னிச்சர்’ என்பவற்றுக்கும் அதே தாராளத்தைக் காட்டிவிடுகிறோம். எண்ணத்தக்க பெயர் எது, எண்ணலாகாதது எது என்று ஹோர்ன்பியின் அகராதி குறியிட்டுக் காட்டியது. வினைகள் வாக்கியத்தில் அமையும் விதங்களையும் 25 வாய்பாடுகளாக வகுத்துத் தந்தது.

எனக்குத் தா, எனக்குச் சொல், எனக்கு விளக்கு. தமிழில் மூன்றுக்கும் நான்காம் வேற்றுமை ஒன்றே போதும். ஆங்கிலத்தில் ‘கிவ் மீ’ சரி. ‘டெல் மீ’யும் சரி. ‘எக்ஸ்பிளெயின் மீ’ என்றால் மாத்திரம் பிழை! ‘எக்ஸ்பிளெயின் இட் டு மீ’ என்றே சொல்லவேண்டும். இதனைப் பொருளறிந்து உணர முடியாது. வாக்கியத்தோடு கற்றால்தான் உண்டு.

நம் வீடுகளிலோ, நாளுக்குப் பத்துச் சொல் மனனம் செய் என்று பிள்ளையை ஏவுகிறோம். சொல் ஒரு பக்கம், பொருள் மறுபக்கமாகக் கொப்பி நிரம்புகிறது. பத்தை மூன்றாகக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் எழுதச் சொல்லிப் பாருங்கள். சில வாரங்களில் சிவப்புக் கோடுகள் குறையக் காண்பீர்கள்.

இன்னொன்று. ‘டிஸ்கஸ் எபவுட்’ என்பது யப்பானிய மாணவரிடமும் பெயர்பெற்ற பிழை. அவர்கள் மொழியிலும் ‘பற்றி’ போன்றதொரு சொல் பெயருக்குப் பின்னே வந்து நிற்கிறது.