தோற்றுத் தோற்று ஜெயிக்க முடியுமா? - ஒரு கூடைப்பந்து மேனேஜரின் விபரீதக் கணக்கு!

82 போட்டிகள். அதில் 72 தோல்விகள்! அமெரிக்காவின் என்.பி.ஏ கூடைப்பந்து லீக்கில், 2015-16 சீசனில் ஃபிலடெல்ஃபியா அணி வாங்கிய மார்க் இது. ஆனால், இது தானாக நடந்த சறுக்கல் இல்லை. பின்னால் ஒரு திட்டம் இருந்தது.

திட்டத்தின் சொந்தக்காரர், 2013-ல் ஜெனரல் மேனேஜராக வந்த சாம் ஹிங்கி. களத்தில் யாரை இறக்குவது என்பது கோச்சின் வேலை. அணியில் யார் இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர் ஜெனரல் மேனேஜர்.

என்ன கணக்கு?

என்.பி.ஏ-வில் ஆண்டுதோறும் புதிய வீரர்களை 'டிராஃப்ட்' மூலம் அணிகள் தேர்ந்தெடுக்கும். முதல் சாய்ஸ் யாருக்கு என்பது குலுக்கலில் முடிவாகும். அப்போதைய விதிப்படி, கடைசி இடம்பிடித்த அணிக்கு 25 சதவிகித வாய்ப்பு. அதாவது, தோற்றால் லாபம்!

ஹிங்கி வந்த வேகத்தில் ஆல் ஸ்டார் வீரர் ஜ்ரூ ஹாலிடேவைக் கொடுத்துவிட்டு, காயத்திலிருந்த இளம் வீரரையும் அடுத்த ஆண்டுக்கான ஒரு டிராஃப்ட் வாய்ப்பையும் வாங்கினார். 2014-ல் ஜோயல் எம்பீடைத் தேர்ந்தெடுத்தார். பாதக் காயத்தால் எம்பீட் இரண்டு சீசன்கள் ஆடவே இல்லை. அவர் களமிறங்குவதற்கு முன்பே, 2016 ஏப்ரலில் ஹிங்கி ராஜினாமா செய்துவிட்டார்.

பாஸா, ஃபெயிலா?

அதே எம்பீட் 2023-ல் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதை வென்றார். ஆக, ஹிங்கியின் கண் தப்பவில்லை. ஆனால், ஃபிலடெல்ஃபியா 2025 வரை பிளே ஆஃப் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. 2017-ல் பாஸ்டனுடன் இடம் மாற்றி முதல் சாய்ஸை வாங்கி, மார்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தார்கள். மூன்றாவதாக பாஸ்டன் எடுத்த ஜேசன் டேட்டம் பெரிய நட்சத்திரமாகிவிட்டார். இந்தப் பழியை ஹிங்கி மேல் போட முடியாது.

ஓக்லஹோமா சிட்டியின் சாம் பிரெஸ்டியும் அணியைக் கலைத்துக் கட்டியவர்தான். 2019-ல் பால் ஜார்ஜைக் கொடுத்து, ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டரையும் ஐந்து முதல் சுற்று வாய்ப்புகளையும் வாங்கினார். அதில் ஒன்றில் வந்தவர் ஜேலன் வில்லியம்ஸ். 2025-ல் கோப்பை!

பிரெஸ்டி அங்கே 2007 முதல் இருக்கிறார். ஹிங்கிக்குக் கிடைத்தது மூன்றே சீசன்கள். அதற்காக ஹிங்கியை முழுக்க விட்டுவிடவும் முடியாது. டிக்கெட் வாங்கிய ரசிகர் தினம் தினம் தோல்வியைத்தான் பார்த்தார். முதலாளியும் ரசிகரும் எத்தனை நாள் பொறுப்பார்கள் என்று கணிப்பதும் அந்த நாற்காலியின் வேலைதான். ஹிங்கி கோட்டைவிட்டது அங்கேதான்.

லீக் மாற்றிய விதி 2019-ல் அமலுக்கு வந்தது. அதன்படி கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவிகிதம்தான் என்றானது!