வெடித்த எரிமலையின் கல் தரும் சாட்சியம்



ஓர் எரிமலை விழித்துக் கொண்டால், அதன் அடிவாரத்தில் வாழும் குடும்பங்களுக்கு ஒரு கேள்விதான் முக்கியமானது: வெளியேற எவ்வளவு அவகாசம் இருக்கிறது? மாதங்களா? நாட்களா? சில மணி நேரமா?

இதற்கு விடை காண, மாக்மா எனப்படும் பாறைக் குழம்பு பூமிக்கடியில் எந்த ஆழத்தில் தங்கியிருந்தது, எவ்வளவு விரைவாக மேலேறியது என்பன தெரிய வேண்டும். அந்த ஆழத்திற்கு மனிதன் இறங்கிச் சென்று பார்க்க இயலாது. ஆனால், எரிமலை கக்கிய கல் அங்கிருந்துதானே வந்தது! அக்கல்லையே சாட்சியாக நிறுத்தி விசாரிக்கிறது ஆய்வுக்கூடம்.

1980-இல் நடந்தது

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980 மே 18 அன்று காலை வெடித்துச் சிதறியது. 57 பேர் மாண்டனர். மலையின் உயரமே ஏறத்தாழ 400 மீட்டர் குறைந்து போனது. அன்று வெளிப்பட்ட வெண்ணிற நுரைக்கற்களை மால்கம் ரதர்ஃபோர்டு என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, 1985-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர்.

அவர்கள் கையாண்ட முறை எளிதில் விளங்கக் கூடியதே. முதலாவதாக, கல்லைப் பொடியாக்கி, நீர் சேர்த்து, உயர்ந்த உலோகத்தாலான சிறு குழாயில் இட்டு, இருபுறமும் அடைத்து விடுவார்கள். இரண்டாவதாக, பூமியின் ஆழத்தில் நிலவும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் கருவியில் உண்டாக்கி, அக்குழாயைப் பல நாட்கள் அதில் வைத்திருப்பார்கள். மூன்றாவதாக, அதைச் சட்டெனக் குளிரச் செய்து, உள்ளே எந்தெந்தக் கனிமங்கள் விளைந்துள்ளன என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எந்த அழுத்தத்தில், எந்த வெப்பத்தில் விளைந்தவை எரிமலைக் கல்லில் உள்ள கனிமங்களோடு ஒத்துப் போகின்றனவோ, அதுவே மாக்மா தங்கியிருந்த நிலை.

இவ்வாறு கிடைத்த விடை: வெப்பம் சுமார் 930 டிகிரி செல்சியஸ், நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 2,200 மடங்கு அழுத்தம், ஆழம் ஏறக்குறைய 7 கிலோமீட்டர். குழம்பின் எடையில் 4 முதல் 5 விழுக்காடு வரை நீர் கரைந்திருந்தது. அந்த நீர்தான் வெடிப்பின் ஆற்றல். மூடியிருக்கும் சோடாப் புட்டியில் வாயு அடங்கிக் கிடக்கிறது; திறந்ததும் நுரைத்துப் பொங்குகிறது. மாக்மா மேலேறி அழுத்தம் குறையும்போது, அதில் கரைந்திருந்த நீரும் ஆவியாகிக் குழம்பைச் சிதறடிக்கிறது.

எத்தனை நாளில் ஏறியது?

இக்கல்லில் ஆம்ஃபிபோல் என்றொரு கனிமம் உண்டு. நீர் கரைந்துள்ள குழம்பில்தான் அது நிலைத்திருக்கும். குழம்பு மெதுவாக மேலேறி நீரை இழந்தால், படிகத்தின் ஓரம் சிதைந்து, சுற்றிலும் ஒரு விளிம்பு உண்டாகும். அவ்விளிம்பு தோன்ற எவ்வளவு காலமாகும் என்பதையும் ரதர்ஃபோர்டு சோதனை செய்து, மற்றோர் ஆய்வாளருடன் இணைந்து 1993-இல் வெளியிட்டார். சுமார் நான்கு நாட்கள் என்று தெரிந்தது.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்! மே 18 அன்று வந்த நுரைக்கற்களில் அந்த விளிம்பு இல்லை. ஆக, அக்குழம்பு ஆழத்திலிருந்து மேலே வர நான்கு நாட்கள் கூட ஆகவில்லை. பின்னர் மெல்ல வெளிவந்து, எரிமலை வாயில் குன்றாகக் குவிந்த பாறைகளிலோ விளிம்புகள் இருந்தன. ஒரே மலை, ஒரு முறை விரைவு, மறுமுறை நிதானம்.

ஜாவா மக்கள் கண்டது

இத்தகைய ஆய்வுகள் இந்தோனேசியாவின் கெலூட் எரிமலைக் கற்களிலும் நடந்துள்ளன. ஜாவா தீவிலுள்ள அம்மலை 1919-இல் வெடித்தபோது, அதன் வாயிலிருந்த ஏரி நீர் சேற்று வெள்ளமாகப் பாய்ந்து 5,000-க்கும் அதிகமானோரைக் கொன்றது. 2007-இல் அதே மலை வெடிக்காமல், பாறைக் குன்றாக மெல்லக் கசிந்தது. 2014 பிப்ரவரி 13 இரவிலோ, உச்சகட்ட எச்சரிக்கை விடுக்கப்பட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வெடித்தது. எனினும், பல்லாயிரக்கணக்கானோர் உரிய நேரத்தில் வெளியேறியதால், முற்காலத்தைப் போன்ற பேரிழப்பு நேரவில்லை.

வாசகர்களே! எந்த நாளில் வெடிக்கும் என்று கல் சொல்லாது. எந்த ஆழத்தில் எழும் அதிர்வை உற்றுக் கேட்க வேண்டும், அதன் பின் எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்பதையே அது சொல்கிறது. அவகாசம் குறுகியது எனக் கல் சாட்சி கூறும் இடத்தில், எச்சரிக்கை வந்த பிறகு வழி தேடுவது வீண். செல்ல வேண்டிய பாதையையும் தங்க வேண்டிய இடத்தையும் முன்பே முடிவு செய்து வைத்திருக்கும் குடும்பமே தப்பிக்கும்.