கலேவெல வெங்காயமும் கொள்கை ஆய்வின் கணக்கும்

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் வீதியில் அமைந்த கலேவெலப் பகுதியில் சிறுபோகத்தில் பயிராகும் பெரிய வெங்காயம் ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை அறுவடையாகிறது; அதே வேளையில் இந்திய வெங்காயம் வந்து குவிந்தால் உள்ளூர் விலை சரியும் என்பதால், 2007ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் இறக்குமதி வரியை உயர்த்துவதுண்டு. அதை எப்போது, எவ்வளவு உயர்த்தலாம், நகரத்து நுகர்வோர் அதனால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்க நேரும் என்பவற்றைச் சான்றுகளோடு கணித்து அரசுக்குச் சொல்வதே கொள்கை ஆய்வு.

1972இல் தொடங்கப்பட்டு, இன்று ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவகம் என அழைக்கப்படும் அமைப்பு, தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் உள்ளிட்ட சந்தைகளின் விலைகளைத் தொடர்ந்து பதிந்துவருகிறது. இவ்வாறு ஒரே பொருளின் விலையைக் கால வரிசையில் அடுக்கிப் பெறுவது விலைத்தொடர் எனப்படும். ஆயினும் விலை மட்டும் போதாது. செலவும் தெரிய வேண்டும். விதை, உரம், நீரிறைப்பு, கூலி ஆகியவற்றை எண்ணிவிடலாம். விவசாயியின் மனைவியும் பிள்ளைகளும் கூலியின்றிச் செய்த வேலைக்கு மதிப்பிடுவதா, விடுவதா என்பதில்தான் சிக்கல் எழுகிறது, ஏனெனில் அதைச் சேர்த்ததும் இலாபமாகத் தோன்றிய பயிர் நட்டமாக மாறிவிடக்கூடும். அவ்வுழைப்பைச் சேர்க்காத கணக்கு நேர்மையான கணக்கு ஆகாது.

சீனாவில் அரசுக்குச் சொல்லும் இத்தகைய கொள்கை ஆலோசனை பெரும்பாலும் முன்னோடிச் சோதனை வழியே, அதாவது ஓரிடத்தில் செய்து பார்த்துப் பின்னர் பரப்பும் முறையில் உருவாகியது. 1978இல் அன்ஹுய் மாகாணத்தின் சியாவோகாங் கிராமத்தில் 18 குடும்பங்கள் கூட்டுப்பண்ணை நிலத்தை இரகசியமாகப் பங்கிட்டுப் பயிரிட்டன; விளைச்சல் பெருகியதைக் கண்ட மாகாண அதிகாரிகள் அதற்கு இடமளிக்க, 1980களின் தொடக்கத்தில் குடும்பப் பொறுப்பு முறை நாடெங்கும் நடைமுறையாயிற்று. இலங்கையிலோ 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடை நாடு முழுவதற்கும் ஒரே வேளையில் விதிக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே தளர்த்தப்பட்டது; அதற்குள் பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டிருந்ததால் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. கலேவெல போன்ற ஒரு பிரதேசத்தில் ஒரு போகம் சோதித்திருந்தாலே, பயிருக்குத் தேவையான தழைச்சத்தைச் சேதன உரத்தால் எவ்வளவு ஈடுசெய்ய முடியும் என்பது தெரிந்திருக்கும்.

முன்கூட்டியே அறிந்து முடிவெடுக்க வேண்டும் என்பது வெங்காய வரிக்கும் பொருந்தும். விவசாயப் போதனாசிரியர்கள் திரட்டும் பயிர்ப்பரப்புக் கணக்கு அறுவடைக்கு முன்பே அமைச்சைச் சென்றடைய வேண்டும். ஏனெனில் களஞ்சிய வசதியற்ற விவசாயி சில வாரங்களுக்குள் விற்றுவிடுகிறார்; அதன் பின் வரி உயர்ந்தாலும் அவருக்குப் பயனில்லை.