முத்துப்பேட்டை அலையாத்திக் காடு

ஜாம்புவானோடை தர்காவுக்குக் குடும்பத்துடன் ஜியாரத் வருவோரில் பலர், அருகிலுள்ள அலையாத்திக் காட்டைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர், பேரிழப்புதான். வனத்துறையின் அனுமதியுடன் படகில் செல்லலாம். பிள்ளைகளுக்கு முதலில் காட்டத்தக்கது வெண்கண்டல் மரத்தின் இலை. வேர் உறிஞ்சிய உப்பை அது தன் மேற்பரப்பில் கசியவிடும். விரலால் தொட்டுச் சுவைத்தறியலாம். சேற்றினின்று எழுதுகோல்கள்போல் நிமிர்ந்திருப்பவை அதன் மூச்சுவேர்கள். காடெங்கும் பெரும்பாலும் இவ்வொரு மரமே நிற்பதன் காரணத்தையும் சொல்லுதல் வேண்டும்: காவிரியின் கிளையாறுகள் கொணரும் நன்னீர் குறைந்து, உவர்ப்பு மிகுந்தது, அதனைத் தாங்கவல்லது இதுவே. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இக்காட்டைக் கடுமையாகச் சிதைத்தது. இங்குச் சிதைந்த நிலங்களில் கால்வாய் வெட்டி, ஓதநீர் ஏறியிறங்கச் செய்தே கன்றுகளை வளர்க்கின்றனர். படகிலிருந்தே அக்கால்வாய்களைக் காணலாம்.