சூடு மட்டுமா காரணம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபவுண்டரியிலோ ரீரோலிங் மில்லிலோ வேலை பார்க்கும் ஒருவருக்குக் கல்யாணமாகி மூன்று வருடமாகக் குழந்தை இல்லை என்று வைத்துக்கொள்வோம். "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி முதலில் மனைவியைத்தான் துரத்தும். ஸ்கேன் அவளுக்கு, ரத்தப் பரிசோதனை அவளுக்கு, குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே அவளுக்கு, செவ்வாய் வெள்ளி விரதமும் அவளுக்கே. அவளிடம் ஒரு குறையும் இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் பார்வை கணவன் பக்கம் திரும்பும். அதற்கும் ஊரில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "ஃபர்னஸ் பக்கத்துல நின்னா அப்படித்தான்பா. உடம்பு சூடு."

அந்தப் பதில் முழுப் பொய் கிடையாது. விந்தணு உருவாக உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவான இடம் வேண்டும். உருக்கு உலையின் அனல் விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும். பழைய பேட்டரி உருக்கும் இடங்களில் உடம்பில் ஏறும் ஈயமும் குறைக்கும். ஆனால் குறைவது வேறு, ஒன்றுகூட இல்லாமல் போவது வேறு. விந்துப் பரிசோதனைச் சீட்டில் 'நில்' என்று வந்து, விரைகள் இரண்டும் சிறுத்துக் கெட்டியாகவும் இருந்தால், ஃபர்னஸ் மேல் பழி போடுமுன் குரோமோசோம் பார்த்தாயிற்றா என்று கேட்க வேண்டும்.

ஓர் எக்ஸ் கூடுதல்

ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. பள்ளிக்கூடப் பாடம்தான். சில ஆண்கள் இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யுமாகப் பிறக்கிறார்கள். 46 இருக்க வேண்டிய குரோமோசோம்கள் 47 ஆகிவிடுகின்றன. இதைக் கிளைன்ஃபெல்டர் சின்ட்ரோம் என்கிறார்கள் மருத்துவர்கள். ஒய் இருப்பதால் கரு ஆணாகவே வளர்கிறது. பிறந்த குழந்தையைப் பார்த்துப் பெரும்பாலும் எதுவும் சொல்ல முடியாது.

கூடுதலாக வந்த எக்ஸின் பெரும்பகுதி ஒவ்வொரு செல்லிலும் அடங்கிக் கிடக்கும். அதன் ஜீன்களில் சுமார் 15 சதவீதம் மட்டும் அடங்காமல் வேலை செய்துகொண்டிருக்கும். எலும்பு வளர்ச்சியோடு தொடர்புள்ள ஷாக்ஸ் என்ற ஜீன் அவற்றில் ஒன்று. வீட்டில் மற்றவர்களைவிட உயரமாக, கால்கள் நீண்டு இவர்கள் வளர அதுவும் ஒரு காரணம்.

சுமார் 600 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் இப்படிப் பிறப்பதாகக் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருவள்ளூர் மாவட்டத்தில் 37 லட்சம் பேருக்கு மேல். அதில் பாதியை ஆண்கள் என்று கொண்டு வகுத்தால் மூவாயிரம் பேர் வருகிறது. வகுத்தல் கணக்குதான், யாரும் வீடு வீடாகப் போய் எண்ணியதில்லை. ஆனாலும் பொன்னேரியிலும் கவரைப்பேட்டையிலும் காக்களூரிலும் இவர்கள் இருந்தே தீர வேண்டும். வேலைக்குப் போய் வந்துகொண்டு, வாடகை கட்டிக்கொண்டு, தன் உடம்பில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல்.

ஒன்பது பேரிலிருந்து இரண்டு லட்சம் பேர் வரை

பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற ஹார்மோன் நிபுணரிடம் ஓராண்டு பயிற்சிக்குப் போன இளம் மருத்துவர் ஹாரி கிளைன்ஃபெல்டர். மார்பு பெருத்து, விரை சிறுத்து, விந்தணு இல்லாத ஒன்பது ஆண்களைப் பற்றி 1942இல் அவர்கள் கட்டுரை எழுதினார்கள். ஆராய்ச்சிக்கு வழிகாட்டியவர் ஆல்பிரைட். முதல் பெயராகத் தன் பெயரைப் போடாமல் பயிற்சி மருத்துவரின் பெயரைப் போடச் செய்தார். நோயும் அந்தப் பெயரிலேயே நின்றுவிட்டது. இந்தக் காலத்தில் எந்தத் துறைத் தலைவர் அப்படி விட்டுக்கொடுப்பார் என்று தெரியவில்லை.

காரணம் ஹார்மோனில் இருக்கிறது என்றே அன்று நினைத்தார்கள். மனிதச் செல்லில் குரோமோசோம் 46 என்பதே 1956இல்தான் உறுதியானது. 1959இல் எடின்பரோவில் பாட்ரிஷியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் இப்படிப்பட்ட ஒருவரின் செல்களை எண்ணிப் பார்த்தபோது 47 வந்தது.

அடுத்த பத்தாண்டில் ஆராய்ச்சி கொஞ்சம் தடம் புரண்டது. கூடுதல் குரோமோசோம் உள்ளவர்களைச் சிறைகளிலும் மனநலக் காப்பகங்களிலும் தேடினார்கள். அங்கே தேடினால் அங்கே இருப்பவர்கள்தானே கிடைப்பார்கள்? கூடுதல் ஒய் உள்ள ஆண்கள் குற்றவாளிகளாகப் பிறக்கிறார்கள் என்ற கதை அப்படித்தான் பரவியது. எக்ஸ் கூடியவர்கள் மேலும் அதன் நிழல் விழுந்தது. பிறந்த குழந்தைகளை வரிசையாகச் சோதித்து, வளர வளரப் பின்தொடர்ந்த ஆய்வுகள்தான் அதைத் திருத்தின. டென்வரில் 1964 முதல் 1974 வரை 40,000 குழந்தைகளைப் பார்த்தார்கள். கூடுதல் எக்ஸோடு பிறந்தவர்களில் பெரும்பாலோர் படித்து, வேலைக்குப் போய், சாதாரண மனிதர்களாக வாழ்கிறார்கள் என்பது இத்தகைய ஆய்வுகளால்தான் தெரியவந்தது.

2003இல் டென்மார்க் ஆய்வாளர்கள் நாட்டின் குரோமோசோம் பதிவேட்டை அலசினார்கள். இருக்க வேண்டியவர்களில் கால்வாசிப் பேர்தான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தார்கள். பருவமடையும் முன்பே தெரிந்தவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. 2022இல் பிரிட்டனின் பயோபேங்க் தரவுகளில் 40 வயது தாண்டிய இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் மரபணுவைப் பார்த்ததில் 213 பேருக்குக் கூடுதல் எக்ஸ் இருந்தது. நால்வரில் ஒருவருக்குக்கூட அது முன்பே தெரிந்திருக்கவில்லை. வீட்டுக்கு வீடு குடும்ப மருத்துவர் இருக்கும் நாடுகளிலேயே இந்த நிலை. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யில் குமாரசாமி தங்கராஜ் போன்றவர்கள் ஆண் மலட்டுத்தன்மையின் மரபணுக் காரணங்களை இந்திய ஆண்களிடம் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு வருபவர்கள் குழந்தை இல்லாமல் அலைந்து களைத்தவர்கள். வராதவர்கள் கணக்கில் வருவதில்லை.

யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை

கூடுதல் எக்ஸ் உள்ள பையன் மூன்று வயதாகியும் சரியாகப் பேசவில்லை என்றால் "அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று வீட்டில் ஆறுதல் சொல்வார்கள். பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவான். அறிவுத்திறன் பெரும்பாலும் சராசரிக்குள்தான் இருக்கும். சொல்ல வருவது வாயில் வந்து சேரத்தான் நேரமாகும். உயரம் வேறு அதிகம் என்பதால் கடைசி பெஞ்சு. 'ஆளு மட்டும் வளர்ந்திருக்கான்' என்ற பேச்சு கேட்டுக் கேட்டு இன்னும் ஒடுங்கிப்போவான். அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் குழந்தைகள் நலப் பரிசோதனைக் குழு வரும்போது, பேச்சு தாமதம், படிப்பில் தடுமாற்றம் இரண்டையும் பெற்றோரும் ஆசிரியரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பேச்சுப் பயிற்சி சீக்கிரம் ஆரம்பித்தால் நல்ல பலன் உண்டு.

பதின்ம வயதில் மீசை அரும்பும், குரலும் உடையும், ஆனால் அதற்குமேல் வளர்ச்சி தயங்கும். மார்பு லேசாகப் பெருக்கும். அந்த வயதில் பாதிக்கு மேற்பட்ட பையன்களுக்கு மார்பு கொஞ்சம் வீங்கி, ஓரிரு வருடத்தில் தானாக வற்றிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. வற்றாமல் நின்றால்தான் கவனிக்க வேண்டும். பையன் என்ன செய்வான்? தொளதொள சட்டை போடுவான், ஏரியில் குளிக்கப் போகமாட்டான். கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஜிம்முக்குப் போவான். அங்கே யாராவது ஸ்டீராய்டு ஊசியைக் கையில் கொடுத்தால் இருப்பதும் கெடும்.

கம்பெனியில் சேரும்போது மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. கண், காது, ரத்த அழுத்தம், நெஞ்சு எக்ஸ்ரே, ஃபிட்னஸ் சான்றிதழ். வேலைக்குத் தகுதியா என்று பார்க்கும் சோதனை அது. அதைக் குறை சொல்ல முடியாது. விஷயம் என்னவென்றால், ஓர் ஆணின் விரையை ஒரு மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்கும் சந்தர்ப்பம் பள்ளியிலிருந்து கல்யாணம் வரை நம் ஊரில் வருவதே இல்லை. கூச்சம் இரண்டு பக்கமும் உண்டு. ஸ்விட்சர்லாந்தின் ஆந்த்ரேயா பிராடர் 1966இல் இதற்கென்றே ஒரு மணிமாலை செய்தார். 1 மில்லி முதல் 25 மில்லி வரை பன்னிரண்டு மணிகள். விரையின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். வளர்ந்த ஆணுக்கு 15 மில்லிக்கு மேல் இருக்க வேண்டியது, இவர்களுக்கு நாலைந்து மில்லியோடு நின்றுவிடும். மின்சாரம்கூட வேண்டாத கருவி.

எங்கே போவது

முதல் வேலை, மனைவிக்கு ஸ்கேன் எழுதும் அன்றே கணவனுக்கு விந்துப் பரிசோதனையும் எழுதச் சொல்வது. 'நில்' என்று வந்தால் சில வாரம் விட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். அப்போதும் இல்லையென்றால் எஃப்.எஸ்.எச்., எல்.எச்., டெஸ்டோஸ்டிரான் ரத்தப் பரிசோதனைகள். முதல் இரண்டும் ஏறி, மூன்றாவது இறங்கியோ கீழ் எல்லையில் ஒட்டிக்கொண்டோ இருந்தால் கேரியோடைப்பிங் செய்ய வேண்டும். கையில் எடுக்கும் சாதாரண ரத்தம்தான். அதிலுள்ள வெள்ளை அணுக்களை மூன்று நாள் வளர்த்து, குரோமோசோம்களைப் படமெடுத்து எண்ணுவார்கள். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். தனியார் ஆய்வகங்களில் சில ஆயிரம் ரூபாய். விந்தணு அறவே இல்லாத ஆண்களில் பத்தில் ஒருவருக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கிறது.

திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆரம்பப் பரிசோதனைக்குச் சென்னை போகத் தேவையில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து கடற்கரை போகும் மின்ரயிலில் வண்ணாரப்பேட்டையில் இறங்கினால் ஸ்டான்லி மருத்துவமனை; சென்ட்ரல் போகும் மின்ரயிலில் போனால் எதிரே ஜி.எச். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் மரபணுத் துறைகள் உண்டு. கேட்க வேண்டியது ஹார்மோன் நோய் மருத்துவரை, அல்லது ஆண் மலட்டுத்தன்மை பார்க்கும் சிறுநீரக அறுவை மருத்துவரை. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம்; கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அது உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஷெட்டில் தங்கியிருப்பவர்களுக்கு இதை அவர்கள் மொழியில் சொல்ல ஆள் வேண்டும். "வெளியூர்ல வேலைக்குப் போனதாலதான்" என்ற பழி அவர்கள் ஊரிலும் காத்திருக்கும்.

மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் பரம்பரை வைத்தியர்களிடம் மட்டும் போக வேண்டாம். எந்த லேகியமும் குரோமோசோமைக் குறைக்காது.

ஊசிக்கு முன் ஒரு கேள்வி

டெஸ்டோஸ்டிரான் குறைந்தவர்களுக்கு அதை ஊசியாகவோ ஜெல்லாகவோ கொடுக்கலாம். சில ஊசிகள் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று, சில மூன்று மாதத்துக்கு ஒன்று. சோர்வு குறையும், தசையும் எலும்பும் பலப்படும், ஆசை திரும்பும். ரத்தம் கெட்டியாகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

ஆனால் இதே ஊசி, மிச்சமிருக்கும் கொஞ்ச விந்தணு உற்பத்தியையும் நிறுத்திவிடும். 'ஆண்மைக் குறைவு' என்றதும் அவசரமாக ஊசி போட்டுக்கொண்டு, ஒரு வருடம் கழித்துக் குழந்தைக்கு வழி கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஊசிக்கு முன் "எனக்குக் குழந்தை வேண்டும், அதற்கு என்ன வழி?" என்று மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். வழி இருக்கிறது. 1990களின் இறுதியில் நியூயார்க்கின் பீட்டர் ஷ்லெகல் உருவாக்கிய மைக்ரோ டெசே அறுவையில், நுண்ணோக்கி வழியே விரைக்குள் பார்த்து, விந்தணு இருக்கக்கூடிய இடத்தைத் தேடி எடுக்கிறார்கள். விந்துவில் ஒன்றுகூட இல்லாத கிளைன்ஃபெல்டர் ஆண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இப்படிக் கிடைக்கிறது. கிடைத்தவர்கள் எல்லோருக்கும் குழந்தை பிறந்துவிடுவதில்லை; செலவும் பெரிது. பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குக் குரோமோசோம் சரியாகவே இருக்கிறது. கிடைக்காவிட்டால் தானமாகப் பெறும் விந்தணுவோ தத்தெடுப்போ உண்டு. அதைக் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும், மாமியார் வீட்டுக் கூட்டத்தில் வேண்டாம்.

குழந்தையோடு முடிவதில்லை

குழந்தைப் பேச்சே பெரிதாக இருப்பதால் மற்றவை மறைந்துபோகின்றன. காலில் ரத்தக்குழாய் அடைப்பும், கணுக்கால் பக்கம் ஆறாத புண்ணும் இவர்களுக்குச் சற்று அதிகம் வரும். 12 மணி நேர ஷிப்டில் நின்றே வேலை செய்பவருக்கு இது முக்கியம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை, இடுப்புக் கொழுப்பு, எலும்புத் தேய்மானம் ஆகியவற்றையும் இளம் வயதிலிருந்தே பார்க்க வேண்டும். மற்ற ஆண்களைவிட மார்பகப் புற்றுநோய் வாய்ப்பும் கூடுதல். பொதுவில் அரிதுதான், மார்பில் கட்டி தட்டுப்பட்டால் காட்டினால் போதும். பிரிட்டன் ஆய்வில் நுரையீரல் அடைப்பு நோயும் கூடுதலாகத் தெரிந்தது. தூசியில் வேலை செய்துவிட்டு பீடியும் குடிப்பவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யார் மேல் பழி?

ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டில் விசாரணை தொடங்கும். சொந்தத்தில் கட்டியதால்தான் என்பார்கள். மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அம்மா கிரகணத்தில் வெளியே போனதாலும் வரவில்லை. முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவதே காரணம். ஏறக்குறைய பாதி நேரம் அம்மாவிடமிருந்து, பாதி நேரம் அப்பாவிடமிருந்து அந்தக் கூடுதல் எக்ஸ் வருகிறது. அது யாருடைய தப்பும் இல்லை. இவர் ஆண்தானா என்ற சந்தேகத்தைக் கிளப்புகிறவர்களுக்கும் பதில் ஒன்றுதான்: இவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்களை ஆணாகவே உணர்கிறார்கள், ஆணாகவே வாழ்கிறார்கள். பொதுவாக இது வழிவழியாகவும் இறங்குவதில்லை. அண்ணனுக்கு இருந்தது என்பதற்காகத் தம்பியின் கல்யாணத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். தம்பிக்கு அறிகுறி ஏதும் இல்லாவிட்டால் அவர் ரத்தம் கொடுக்கவும் தேவையில்லை.