தூக்குமேடை நின்ற இடம்

சென்னை யானைக்கவுனியிலிருந்து வால்டாக்ஸ் சாலையில் தெற்கே நடந்தால் சென்ட்ரல் ரயில் நிலையம் வரும். பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்தால் பெரியாஸ்பத்திரி. அதன் பின்புறம் 2009 வரை மத்திய சிறையின் மதில் நின்றது. இப்போது அங்கே மருத்துவக் கல்லூரிக் கட்டடங்கள். 1932-இல் சுபாஷ் சந்திர போஸ் அடைபட்டிருந்த சிறை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 1943 செப்டம்பர் 10 அன்று அங்கே தூக்கிலிடப்பட்ட நால்வரைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

வக்கம் அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங். திருவிதாங்கூரின் வக்கத்தில் பிறந்து மலாயாவுக்குப் பிழைக்கப் போனவர் காதர். பினாங்கில் இந்திய தேசிய ராணுவத்துக்காக உளவுப் பயிற்சி பெற்று, 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து மலபாரின் தானூர் கரையில் இறங்கினார். சில நாளும் தாங்கவில்லை, பிடிபட்டுவிட்டார். பர்தன் வந்தது கத்தியவார் கடற்கரை வழியாக.

உளவு பார்க்கத்தான் வந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில் எந்த அரசும் அதைச் சும்மா விடாது. ஆனால் அவர்கள்மேல் பாய்ந்த சட்டங்களில் ஒன்றான எதிரி முகவர் அவசரச் சட்டம் பிறந்ததே 1943-இல், அவர்கள் பிடிபட்ட பிறகு. ஆளைக் கூண்டில் போட்டுவிட்டுச் சட்டம் எழுதுவதற்கு நீதி என்றா பெயர்? சிறப்பு நீதிபதி மேக் மூடிய அறையில் விசாரித்தார். 1943 ஏப்ரல் 1 அன்று ஐவருக்கு மரண தண்டனை விதித்தார். அவர்களில் போனிஃபேஸ் பெரைரா மட்டும் பிறகு உயிர் தப்பினார்.

தன்னோடு ஓர் இந்துத் தோழரையும் சேர்த்தே தூக்கிலிட வேண்டும் என்று காதர் கேட்டதாகச் சொல்வார்கள். தூக்கிலேறும்போது அவருக்கு வயது 26. அஞ்சல் துறை 1998-இல்தான் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இரண்டே ஆண்டுகளில் காலம் மாறியது. 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் அதே இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர்மீது அரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக வழக்கு. பூலாபாய் தேசாய் வாதாடினார், பத்திரிகைகள் தினமும் எழுதின, ஊரெல்லாம் கொதித்தது. குற்றவாளிகள் என்றே தீர்ப்பானது. ஆனாலும் 1946 ஜனவரியில் தண்டனையை ரத்து செய்து வெளியே விட்டுவிட்டார்கள். அதே ஆட்சிதான். மெட்ராஸ் வழக்கும் நாலு பேர் பார்க்க நடந்திருந்தால், ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் நடுவே கிடைத்த ஐந்து மாதத்தில் யாராவது ஒரு வக்கீல், ஒரு பத்திரிகை, ஒரு ஊர்வலமாவது குறுக்கே நின்றிருக்கும்.