குழந்தைகளுக்கான மின்தூண்டல் சிகிச்சை (மலம், சிறுநீர்க் கோளாறுகள்)

மின்தூண்டல் சிகிச்சை என்பது தோலின் மீது ஒட்டப்படும் மின்வாய்களின் வழியே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் இயக்கத்தைச் சீர்ப்படுத்த முயலும் ஒரு மருத்துவ முறை ஆகும். நாட்பட்ட மலச்சிக்கல், தன்னையறியாமல் மலம் கசிதல், பகலில் சிறுநீர் கசிதல் போன்ற கோளாறுகள் உடைய சிறுவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை போதாதபோது இது துணைமுறையாகப் பயன்படுத்தப்படுகின்றது.

பின்னணி

உள்ளாடையில் மலம் கசியும் சிறுவர்கள் சோம்பேறிகள் என்றோ குறும்புக்காரர்கள் என்றோ பெரும்பாலும் தவறாகக் கருதப்படுகின்றனர். மலக்குடலில் மலம் தேங்கும்போது குடற்சுவர் விரிந்து, உணர்வு மழுங்குகின்றது. இறுகிய மலத்தைச் சுற்றி இளகிய மலம் சிறுவர் அறியாமலேயே வெளியேறுகின்றது. விரிந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் சிறுநீர்க் கசிவும் ஏற்படலாம். இரண்டு உறுப்புகளையும் முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் நரம்புகளே பெரிதும் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே இதற்குத் தண்டனை தீர்வாகாது.

வயிற்றுவழித் தூண்டல்

சிறுநீர்ப்பைக் கோளாறுக்காகக் குறுக்கீட்டு மின்னோட்டம் பெற்ற சில நோயாளிகளுக்கு வயிற்றுப்போக்கு பக்கவிளைவாக ஏற்பட்டது. இப்பக்கவிளைவே மலச்சிக்கலுக்கு அம்முறையைப் பயன்படுத்தும் எண்ணத்தைத் தந்தது. ஆத்திரேலியாவின் மெல்பேர்ண் நகர ஆய்வாளர்கள், பெருங்குடலில் மலம் மிக மெதுவாக நகரும் சிறுவர்களிடம் இதனைச் சோதித்து, தமது முன்னோடி ஆய்வை 2005 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

வயிற்றின் முன்புறம் இரண்டும் முதுகில் இரண்டுமாக நான்கு மின்வாய்கள் ஒட்டப்படும். ஏறத்தாழ 4000 ஏர்ட்சு அதிர்வெண் கொண்ட, சிறிதளவு வேறுபட்ட இரு மின்னோட்டங்கள் உடலுக்குள் குறுக்காகச் சந்திக்கின்றன. உயர் அதிர்வெண்ணுக்குத் தோலின் தடை குறைவு. எனவே வலி மிகாமல் மின்னோட்டம் ஆழமாகச் செல்கின்றது. அவை சந்திக்குமிடத்தில், அவற்றின் வேறுபாட்டுக்குச் சமமான 80 முதல் 150 ஏர்ட்சு வரையான துடிப்பு உருவாகின்றது. சிறுவர் மெல்லிய கூச்சத்தை மட்டுமே உணர்வர். தொடக்கத்தில் வாரம் மூன்று முறை, 20 நிமிடங்கள் வீதம் மருத்துவமனையில் அளிக்கப்பட்டது. பின்னர், வீட்டிலேயே நாள்தோறும் ஒரு மணி நேரம் அளிக்கும் முறையும் ஆராயப்பட்டது.

சிறுநீர்ப்பைக்கான தூண்டல்

மிகையாகச் சுருங்கும் சிறுநீர்ப்பைக்கு, முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பின் இருபுறமும் மின்வாய்கள் ஒட்டப்படுகின்றன. இங்கு 10 ஏர்ட்சு போன்ற குறைந்த அதிர்வெண்களே பொதுவாகப் பயன்படுகின்றன. கணுக்காலுக்கு அருகே செல்லும் நரம்பைத் தூண்டும் முறையும் உண்டு.

பயனும் வரம்பும்

பல சிறுவர்களிடம் முன்னேற்றம் காணப்பட்டதாக ஆய்வுகள் கூறினாலும், அவற்றுட் பல சிறியவை. சிறுவர் மலச்சிக்கல் குறித்து 2016 இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, கிடைத்த சான்றுகள் உறுதியான முடிவுக்குப் போதா என்றது. எனவே தேங்கிய மலத்தை அகற்றுதல், மலமிளக்கி, போதிய நீர், உணவுக்குப் பின் கழிப்பறையில் அமரும் பழக்கம் ஆகியனவே முதற்படிச் சிகிச்சைகளாகும்.

இதயமுடுக்கி போன்ற மின்கருவி பொருத்தப்பட்டவர்களுக்கு இம்முறை பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றது. முதுகுத்தண்டுக் குறைபாடு போன்ற அடிப்படைக் காரணங்கள் முதலில் கண்டறியப்பட வேண்டும் என்பதால், மருத்துவரின் ஆலோசனையின்றிக் கருவியை வாங்கிப் பயன்படுத்துதல் ஏற்றதன்று.